மூன்றிலிருந்து இரண்டுக்கு

வல்லை வெளி. காலை ஐந்தே முக்கால்.
சோளகம் என்று பெயர் வைத்த குதிரை
காற்றைக் கண்டால் காதை மடக்கும்.

தகிட தகிட தகிட
பாய்ச்சல் நல்லாய்த்தான் வரும்.
தக தகவுக்கு இறங்கச் சொன்னால்
பருத்தித்துறை பஸ் சடன் பிரேக் போட்டதுபோல்
முன்னங்காலில் விழுந்துவிடும்.

பதினொரு தரம் கடிவாளத்தை இழுத்தேன்.
பதினொரு தரமும் அது என்னை இழுத்தது.

பிறகு கை ஓய்ந்துபோனது.
தும்மல் வரப்போய், வராமல்,
மூச்சு மட்டும் நீளமாய் வெளியேற
இடுப்பு கனத்தது.
அதன் விலாவோடு என் கால்
சும்மா ஒட்டிக்கிடந்தது.

தகிட தகிட
தகி—

தக தக தக.

எனக்குக் கீழே அதன் முதுகு
பொங்கி எழுந்ததை
ஒருவரும் காணவில்லை.
தண்ணீரில் ஒரு கொக்கு;
அதுவும் மீனைத்தான் பார்த்தது.

திரும்பக் கேட்டால் தராது, தெரியும்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
கேட்டேன்.