தில்லை

போகலேக்குத் தெற்கே, நீர் ஏறும் நேரம்.
மரக்கணக்கு எடுக்க வந்த மின் தூ
படகின் மூக்கில் குந்தி
ஒவ்வொன்றாய்க் கேட்கிறான்.
துடுப்பைச் சேற்றில் ஊன்றி நான் சொல்கிறேன்.

இது உதளை. காய் மாங்காய் மாதிரிதான்,
பருப்பில் இருக்கிறது சாவு.
இது மீன் மயக்கும் கொடி;
கெளுத்தி முதலில் மிதக்கும்,
விரால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.
இது கழிமுள்ளி. கிழிக்கும், அவ்வளவுதான்.

அது?

அவன் நீட்டிய கையைத்
துடுப்பால் தட்டிவிடுகிறேன்.
அது தில்லை.
கிள்ளினால் பால் வரும்.
பால் கண்ணில் பட்டால் பகல் போய்விடும்.

கட்டத்தில் 'விஷம்' என்று எழுதி
அடுத்ததற்கு நகரப் பார்க்கிறான்.

பொறு தம்பி.
கரிச்சூளைக்காரர்கள் மற்றதையெல்லாம் வெட்டினார்கள்.
இதன் புகைக்குப் பயந்து
இதை மட்டும் விட்டார்கள்.
அதனால்தான்
புயலன்று தண்ணீர் வீட்டைத் தூக்கியபோது
கையில் பிடிக்க இது இருந்தது.

லுங்கியை அவிழ்த்து
என்னை அடிமரத்தோடு கட்டினேன்.
முறிந்த கிளையெல்லாம் பால்.
மழை அதைக் கழுவிக் கழுவி
என் முகத்தில் விட்டது.
கண்ணை இறுக்கிக்கொண்டு கூப்பிட்டேன்:
சன்னாசி.
தவமணி.
நோ பே ஸே.

நோ பே ஸே மட்டும்
இன்னொரு தில்லையிலிருந்து
கரேன் மொழியில் திட்டினாள்.
காற்றை, கடலை, ரேடியோவை,
கடன் வைத்துவிட்டுப் போன புருஷனை.
இருட்டு முழுக்க ஓயவில்லை.
எனக்குப் பாதிதான் புரியும்,
மீதியையும் பிடித்துக்கொண்டேன்.

விடிந்துவிட்டதென்று
அவள் சொல்லித்தான் தெரியும்.
பதினாறு நாள்.
கரை ஒதுங்கியவர்களை
எனக்கும் சேர்த்து அவளே பார்த்தாள்.
சட்டை நிறம் சொல்வாள்,
இல்லை என்பேன்.
ஒருநாள் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

வலது கண் திரும்பி வந்தது.
இடது, இதோ பார், வெந்த மீனின் கண்.

சாமி ஆடியது தில்லைக் காட்டில்தானாம்,
கோயிலில் பண்டாரம் சொல்வார்.
கண்ணை மூடிக்கொண்டா ஆடினார்
என்று கேட்டேன் ஒரு தடவை.
பிரசாதம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மின் தூ பேனாவை மூடவில்லை.
கட்டம் சின்னது அக்கா,
பக்கத்தில் என்ன எழுதட்டும்?

உயரம் எழுது.
தண்ணீர் எட்டாத கிளை
தரையிலிருந்து ஒன்பது முழம்.

எழுதிவிட்டாயா?
கையைக் கழுவு.
நான் பார்க்காதபோது தொட்டிருப்பாய்.