முன்னூறு எம்.பி.

சிவப்புக் கோடு ஓரம் வரை ஏறிவிட்டது.
முன்னூற்றுப் பன்னிரண்டு எம்.பி. மிச்சம் என்கிறது.
யார்டு சாஃப்ட்வேரின் புது வெர்ஷன்
திங்கள் காலைக்குள் ஏறியாக வேண்டும்.
அதற்குப் பன்னிரண்டு ஜி.பி. வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
திருவொற்றியூரில் பதினோரு வருஷமாக
இடம் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.
நாற்பதடிப் பெட்டி எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு,
அடியில் கிடப்பதை எடுக்க
மேலே குந்தியிருக்கும் நாலை எங்கே தள்ளுவது.
எண்ணூர் ரோட்டில் டிரைலர்கள் விடிய விடிய உறுமும்.
"மேடம், எடம் சொல்லு மேடம்!"
வாக்கிடாக்கியில் கத்துவான் கிரேன் டில்லிபாபு.
அவன் மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவேன்.

வீட்டில் முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம், புதுவண்ணாரப்பேட்டை, ரெண்டாவது மாடி.
மடியில் லேப்டாப் சுடுகிறது.
பெரிய பெட்டி முதலில் என்று வரிசைப்படுத்துகிறேன்.

ஒரே கரண்ட் பில் ஒன்பது தடவை இறங்கியிருக்கிறது.
பயோடேட்டா கடைசி. பயோடேட்டா கடைசி நிஜம்.
பயோடேட்டா துபாய்.
துபாய் போகவில்லை.
அது நூறு கே.பி.கூட இல்லை, கிடந்துவிட்டுப் போகட்டும்.

தம்பி கல்யாண வீடியோ, வெட்டாதது, ஏழு ஜி.பி.
போன் போட்டேன். எடுத்தது அவன் பொண்டாட்டி.
"என் மூஞ்சி வர்ற எடம் மட்டும் வெச்சிக்கோங்க அண்ணி,
மிச்சம் பாதி அவரு சாப்புடறதுதான்."
வெட்டப் போனால்
வெட்டி எடுக்கவும் இடம் வேண்டும் என்கிறது.
மூடிவிட்டேன்.

அப்புறம்
'ஸ்டான்லி' என்று ஒரு ஃபோல்டர்.
பத்தொன்பது சி.டி., பன்னிரண்டு ஜி.பி.
ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில்
கவரோடு கொடுத்தது,
கீறல் விழுமோ என்று அன்றன்றைக்கே ஏற்றியது.
ஒன்றைத் திறந்தேன்.
சாம்பல் நிறத்தில் சீவல் சீவலாக நைனா.
நூற்றுப் பதினாலாவது சீவலில்
மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை.

எங்கள் யார்டில்
கேட்பாரில்லாத பெட்டிக்கு நோட்டீஸ் போகும்,
பிறகு ஏலப் பட்டியலில் ஏறும்.
இது ஏழு வருஷம் நின்றிருக்கிறது.
வாடகை யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை.

சமையல்கட்டில் நண்டு கழுவிக்கொண்டிருந்தவர்
"இன்னா அப்டி பாக்குற?" என்றார்.
"உன் நுரையீரலை."
காசிமேட்டு நண்டு ஒன்று கையில் காலாட்ட
வந்து குனிந்து பார்த்தார்.
ஸ்க்ரீனில் தண்ணீர் சொட்டியது.
"இதுவா நானு? மேகம் மூட்டமா கீது."
"எடமில்ல நைனா. அழிச்சிடட்டா?"
"அழி. ஒரிஜினல் எங்கிட்டதான கீது."

சொல்லிவிட்டு இருமினார்.
சும்மாதான் இருமினார்.
ரெண்டு தடவை. நான் எண்ணினேன்.

அழித்தேன்.
சிவப்புக் கோடு நகரவில்லை.
எனக்குத் தெரியாததா?
கேட் பாஸ் வெட்டியாச்சு, காகிதத்தில் பெட்டி போயாச்சு,
வரிசையில் பார்த்தால் அங்கேயே நிற்கும்,
வண்டி வந்து தூக்கும்வரை.
குப்பைத்தொட்டியைக் காலி செய்யப் போனால்
நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்கிறது.
இந்தக் கேள்வியை யார் எழுதி வைத்தார்களோ,
அவர்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கட்டும்.

கை நின்றது.
திரும்ப உள்ளே போய்
நூற்றுப் பதினாலை மட்டும் வெளியே எடுத்தேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கே.பி.
துபாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.
பேர் எதுவும் வைக்கவில்லை.

பிறகு, ஆம்.

கோடு நீலமானது.
புது வெர்ஷன் ஏற நாற்பது நிமிஷம் என்கிறது.
அதற்குள் நண்டு வெந்துவிடும்.