கேட்டை

பீல் நகரில் ஏரி இருக்கிறது, கடல் இல்லை.
இருபது கிலோ உப்பு வாளியில் வரும்.
குளியலறையில் கலக்குவேன்,
அளவுமானி 'சரி' என்கிற வரை.

கிழமைநாளில் எனக்குக்
கடிகாரத்துக்கு முள் பொருத்தும் வேலை.
சனிக்கிழமை ஏஷ்லிமன் கடைக்கு
நட்சத்திரம் பார்க்கப் போனேன்.

"எத்தனை லிட்டர்? தொட்டிக்கு எத்தனை மாதம்?"
பிறந்த நேரம் கேட்பதுபோல் கேட்டார்.
நூற்றெண்பது. ஒன்பது.

நீலம்தான் முதலில் கண்ணில் பட்டது,
சாயம் காயாத சேலை மாதிரி.
"அது வேண்டாம். எட்டு மாதம் அழகாக இருக்கும்.
எட்டு மாதமும் பட்டினி கிடக்கும்.
ஒருநாள் காலை கைநுனி கரைந்திருக்கும்,
அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்."

முதுகெல்லாம் கறுப்புக் கொம்பு வைத்தது?
"பவளத்தை மேய்ந்துவிடும்."
அந்தப் பச்சை?
"பரம சாது. மீன்கள் தூங்கும்வரை."
மணல் சலிக்கிறது?
"மணலில் உள்ளதையெல்லாம் முடித்துவிட்டு
மணலுக்குள்ளேயே முடிந்துபோகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏன் என்று கேட்டார். எந்த மொழியில் சொல்ல?

எனக்கும் ஒருவர் கொப்பி விரித்துச் சொன்னார்:
கேட்டை. மூத்த மைத்துனருக்கு ஆகாது.
மூன்று வீட்டார் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.
நாலாவது தயாபரன்.
அவருக்கு அண்ணனே இல்லை.
அப்படித்தான் பொருந்தினேன்.

நான் யாரைத் தின்பேன் என்று
எல்லோரும் பார்த்தார்கள்.
எங்கே பட்டினி கிடப்பேன் என்று
கொப்பியில் ஒரு கட்டமும் இல்லை.

கடைசியில் ஏஷ்லிமன் பாறையைப் புரட்டிக் காட்டியது
வரிவரியாய்க் கைகள், நடுவில் ஒரு சட்டைப் பொத்தான்.
இருபத்திநாலு பிராங்.
"காற்றுப் படக்கூடாது. அவசரப்படவும் கூடாது."
பேருந்தில் அங்கிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

தயாபரன் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டார்.
நொடிக்கு இரண்டு துளி.
மூன்று மணி நேரம்
எங்கள் தண்ணீரை அது பழகியது,
நாங்கள் தரையில் உட்கார்ந்து
பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

விட்டதும் பாறைக்கடியில் போனது.
பிறகு முழுதாகக் கண்டதில்லை.
விளக்கணைத்து இறால் துண்டை நீட்டினால்
ஒரு கை வரும், நெளிந்து,
வாங்கிக்கொண்டு போகும்.

வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டித் தேடுகிறார்கள்.
எங்கே உங்கள் நட்சத்திரம்?

இருக்கிறது என்கிறேன்.
சாப்பிடுகிறது.