வண்டி வராத ஞாயிறு

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு.
சின்னக்கடை வீதி முனையில்
இரண்டு இரும்புத் தடுப்பு, ஒரு கயிறு,
கயிற்றோரம் ஊர்க்காவல் படை அழகேசன்.
"நடந்து போங்க, நடந்து போங்க."
மத்தியானத்துக்குள் தொண்டை
தட்டுவடையாய் நொறுங்கிவிட்டது அவருக்கு.

எங்கள் முதலாளியின் மச்சான் வியன்னாவில் இருக்கிறார்.
போன வருஷம் வந்தபோது போனில் காட்டினார்
அங்கே ஒரு கடைவீதியை.
முந்நூறு வருஷத்துக் கட்டடங்கள்,
வழுவழுவென்று கல் பாவிய தரை,
கார் நுழையாதாம், ஹாரன் கிடையாதாம்.
எல்லோரும் கோபுரத்தைப் பார்த்தார்கள்.
நான் பார்த்தது நடுவில் கிடந்த பெஞ்சை.
அதில் ஒருத்தி
கையில் ஒரு பைகூட இல்லாமல்
சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மேட்சிங் சென்டரில் எனக்குப் பதினோரு வருஷம்.
பச்சையில் மட்டும் நாற்பத்து மூன்று தெரியும்.
கிளி, பாசி, மாவிலை, பாட்டில்,
மழைக்கு முன் சேர்வராயன் மலை காட்டுகிற
ஒரு கருக்கல் பச்சை,
அதற்கு லைனிங் எந்த மில்லிலும் இல்லை.
சட்டம் வந்ததும் ஸ்டூல் போட்டார்கள்.
ஸ்டூலின் மேல் இப்போது பில் புத்தகங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இன்று ஹாரன் இல்லை.
எதிர்க்கடையில் துணி கிழிபடும் சர்ர்,
யாரோ குழந்தையின் புதுக் கொலுசு,
ஒரு அம்மாள் இருபது ரூபாய்க்காக
சாமியை இழுப்பது, எல்லாம் கேட்டது.
அப்போதுதான் நிமிர்ந்தேன்.
எங்கள் பெயர்ப்பலகைக்கு மேலே
சுண்ணாம்பில் செய்த இரண்டு கிளிகள்.
ஒன்றுக்குத் தலை இல்லை.
பதினோரு வருஷம் அதன் கீழேதான் நின்றிருக்கிறேன்.

அது என்ன பச்சை?
வாசலில் நின்றால் தெரியவில்லை.
நாலடி தள்ளி, இன்னும் நாலடி,
நடுத்தெரு.
அங்கேயே, வெள்ளைக் கோட்டின் மேல்,
உட்கார்ந்துவிட்டேன்.

பைகள் தோளில் இடித்தன.
"மயக்கமாம்மா?" ஓடி வந்தார் அழகேசன்.
"இல்லைங்க. உட்கார்ந்திருக்கேன்."
புரியவில்லை அவருக்கு.
கொஞ்சம் நின்றார்.
பிறகு தடுப்பு ஒன்றைக் கரகரவென்று இழுத்துவந்து
எனக்குப் பின்னால் வைத்துவிட்டு
"நடந்து போங்க, ஒதுங்கி நடந்து போங்க"

ராத்திரி பத்துக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள்.
முதலில் வந்தது மூட்டை ஏற்றிய ஒரு டிவிஎஸ்.
நான் இருந்த இடத்தின் மேல் ஏறிப் போனது.

பாசிப் பச்சை.
மூன்றாவது தட்டு, இடது ஓரம்.