பேட்ச் எண் தெரியவில்லை

நோயாளியின் பெயர் வேண்டாம்,
முதலெழுத்து போதும் என்கிறது படிவம்.
மொ. என்று எழுதினேன்.
வயது நாற்பத்தொன்று. எடை நாற்பத்தாறு.
தொழிலைக் கேட்கவில்லை.
நானாக ஓரத்தில் எழுதினேன்: ஆடு மேய்ப்பவர்.
அது தெரியாமல் மீதி எதுவும் விளங்காது.

மொகொட்லோங்கில் ஜூலை.
மருந்தறைக் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது.
பேனா முனையை வாயால் ஊதிச் சூடாக்கி
கார்பன் தாளை இடையில் செருகி
நிமிர்ந்து பார்க்கிறேன்.
கம்பளியைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு
மொஹாபி என் உதடுகளையே பார்த்தபடி இருக்கிறார்.

சந்தேகத்துக்குரிய மருந்து: கனாமைசின்.
வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஓர் ஊசி,
ஐந்து மாதம்.
சேணத்தில் உட்கார முடியாமல்
குதிரைமேல் நின்றுகொண்டே வருகிறார் பார் என்று
நர்சுகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.
அப்போது அவருக்குக் கேட்கும்.

விளைவை விவரிக்கவும்.
இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.
அவர் சொன்னது இது:
முதலில் தலைக்குள் சில்வண்டு வந்தது.
பனியில் ஏது சில்வண்டு என்று
போர்வையை உதறிப் பார்த்தேன்.
பிறகு மந்தையின் மணிகள் போகத் தொடங்கின.
சின்ன மணிகள் முதலில்.
தலையாட்டின் பெரிய மணி கடைசியில்.
ஆடுகள் தொலைந்தன என்று
ஒரு பகல் முழுக்க மலையேறித் தேடினேன்.
அவை என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தன.

நான் எழுதியது இது:
காதிரைச்சல். இருபுறமும் செவித்திறன் இழப்பு.
கோட்டில் இன்னும் இடம் மீந்திருந்தது.

காதைச் சோதிக்கும் கருவி மசேருவில் இருக்கிறது.
கணவாயில் பனி, பஸ் இல்லை.
கைக்கடிகாரத்தை அவர் காதருகே பிடித்தேன்.
பிறகு சாவிக்கொத்து.
பிறகு மாத்திரை டப்பாவைக் குலுக்கினேன்.
கண் திரும்பியது.
கேட்டதாலா, பார்த்ததாலா?

டாக்டர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
காசம் போயிற்று, ஆள் இருக்கிறார்.
தலைக்கு வந்தது காதோடு போனது என்று
விட்டுவிடக் கூடாதா?
இதை அனுப்பினால் ஊசி போட்டது யார் என்பார்கள்.

கதவருகே தட்டோடு நின்ற மொசேலே
போட்டது நான்தான், என் பெயரையும் எழுது என்றாள்.
சொல்லிவிட்டு, தட்டை வைக்க இடம் தேடினாள்.

மருந்தை நிறுத்தியபின் குறைந்ததா? இல்லை.
மீண்டும் கொடுத்தபோது மீண்டும் வந்ததா?
இதைக் கேட்டவர் யாராயிருக்கும்?
நல்லவராகத்தான் இருப்பார். கட்டத்தைக் கடந்தேன்.
முடிவு: குணமடைந்தார், குணமடைந்து வருகிறார்,
குணமடையவில்லை, தெரியாது.
சளியில் கிருமி இல்லை.
புலெங்கின் தாய் என்பதால் மாபுலெங் ஆன அவர் மனைவி
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழும்போது
அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைக்கிறாளாம்.
மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன்.

அக்டோபரில் கடிதம் வந்தது.
நன்றி. அறிக்கை பதிவானது. பேட்ச் எண் விடுபட்டுள்ளது.

குப்பிகள் ஜூலையிலேயே சாம்பல்.
கையிருப்புப் பேரேட்டில்
அந்த மாதத்தை மட்டும் எலி தின்றிருந்தது.
தெரியவில்லை என்று எழுதினேன்.
தெரியவில்லை என்று எழுதக் கை இவ்வளவு கூசுமா?

கடிதத்தின் கடைசி வரியை அன்றிரவுதான் படித்தேன்:
உங்கள் மாவட்டத்திலிருந்து வந்த முதல் அறிக்கை இது.

முதல் காகிதம்.
முதல் செவிடர் அல்ல.
மாவு மில்லில் கத்திக் கத்திப் பேசும் அந்த மனிதர்,
பாடவேளை மணி கேட்காமல்
வகுப்பை நடத்திக்கொண்டேயிருந்த ஆசிரியை,
போன வருடம் லாரிக்கு விலகாத பையன்.
அவனையும் சேர்க்கலாமா?
செத்தவர்களுக்கும் கட்டம் இருக்கிறது.

மொசேலே கேட்டாள், படிவம் இன்னும் இருக்கிறதா?
பதினொன்று இருந்தன.

போன வாரம் மொஹாபியைப் பாலத்தருகே கண்டேன்.
தலையாட்டின் கழுத்தில்
மணியோடு ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருந்தார்.
மணி ஆடுகளுக்கு, துணி எனக்கு என்றார்,
காற்றை மிஞ்சும் குரலில்.

இன்று காலை இன்னொருத்தி.
வயது பத்தொன்பது. இரண்டாம் மாதம்.
சில்வண்டா என்று கேட்டேன்,
இல்லை, கெட்டில் கொதிக்கிற மாதிரி என்றாள்.
குப்பையிலிருந்து குப்பியை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்து
எண்ணை முதலில் எழுதினேன்.