ஒரே டேக்

முன்க்யோங் மலைச்சரிவில்
நாற்பது நாளில் எழும்பிய அரண்மனை.
ஒட்டுப்பலகைத் தூண், தெர்மாகோல் ஓடு.
கூரை விளிம்பில் காவலிருக்கும் பொம்மைகள்
ஏழும் ஒரே அச்சில் வார்த்தவை.
முன்பக்கத்துக்கு மட்டும் பச்சையும் சிவப்பும் பூசியாயிற்று.
பின்னால் போனால் இரும்புச் சாரம்,
தச்சன் எவனோ கிறுக்கிவைத்த கைப்பேசி எண்.

அரசன் மழையில் ஓடியதைப்
போன வாரமே எடுத்துவிட்டார்கள்.
இன்றைக்கு எரிக்க வேண்டும்.
எரிப்பது என் வேலை.
இதுவரை மூன்று கோட்டை, பதினோரு கப்பல்,
ஒரு புத்தர் கோயில்.
எல்லாம் ஒரே டேக்.
மறுபடி கொளுத்த மிச்சம் இருக்காது, பாருங்கள்.

கதைப்படி பந்தம் எதிரியின் கையில்.
ஜப்பானியக் கவசம் மாட்டிய பூசான் பையன்கள்
குந்தியிருந்து ராமென் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

மோ சங்-ரியேதான் கேட்டாள்.
அடிமைப் பெண்கள் வரிசையில் இடமிருந்து நான்காவது,
திரையில் இரண்டு வினாடி.
"அவங்க தலைநகருக்குள்ள வர்றதுக்கு முந்தியே
எரிஞ்சிடுச்சுன்னு ஒரு ஏட்டுல இருக்காமே?
அடிமைக் கணக்கு வச்சிருந்த கட்டடத்தை
அடிமைங்களே..."

உதவி இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தான்.
அதை மறுக்கிற அறிஞர்களும் உண்டு என்றான்.
அடுத்த மூச்சிலேயே,
பந்தத்துக்குக் கை மாற்றினால் பட்ஜெட் தாங்காது என்றான்.

கணக்கேடுகள் அடுக்கடுக்காக இருந்தன.
மேல்தாளில் மட்டும் சீன எழுத்து,
அடியில் எல்லாம் வெற்றுத்தாள்.
எண்ணெய் தெளிக்கப் போனபோது
ஒன்று திறந்து கிடந்தது.
நீல பால்பாயின்ட் மை.
ஒரு வங்கிக் கடன் எண்.
இரவு ஷிப்டில் பார்சல் பிரிக்கும் கிடங்கில்
சங்-ரியேயைக் கூப்பிடும் எண், F-2097.
அதன் கீழே வேறு கை. அதன் கீழே இன்னொன்று.
பேனா ஊர்வலம் போயிருக்கிறது.
ராமென் கறையோடு
எதிரிப் படையும் கையெழுத்திட்டிருந்தது.

விதிமுறைப்படி ஓர் அடுக்குக்கு அரை லிட்டர்.
அந்த அடுக்குக்கு நான்
கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன்.

நாலு நிமிஷம். காற்று ஒத்துழைத்தது.
பொம்மைகள் உருகி ஒன்றன்மேல் ஒன்றாய் வழிந்தன.
அழச் சொல்லியிருந்தார்கள்.
நான்காவது பெண் அழவில்லை.
எடிட்டிங்கில் போயிற்று, அவளுடைய இரண்டு வினாடி.

பிறகு ஒருநாள் சோல் போனேன்,
நிஜத்தைப் பார்க்க.
செவ்வாய்க்கிழமை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.
புதனன்று மறுபடி.
வாடகை ஹான்போக் உடுத்தியவர்களுக்கு இலவசம்,
எனக்கு டிக்கெட்.
எந்தத் தூணுக்கு என்ன வயது என்றேன்.
காவலாளி யோசித்து,
"எரிஞ்சது, கட்டினது, இடிச்சது, திரும்பக் கட்டினது,
எதைக் கேக்கறீங்க?" என்றார்.

சிம்மாசன மண்டபத்தின் பக்கம் ஓர் இரும்புக் கொப்பரை.
நெருப்புப் பூதம் கூரை தேடி வருமாம்.
கொப்பரை நீரில் தன் முகத்தைப் பார்க்குமாம்,
அவ்வளவு கோரமா என்று அலறி ஓடிவிடுமாம்.

யாரும் கவனிக்காதபோது
குனிந்து பார்த்தேன்.

தண்ணீர் இல்லை.
கொஞ்சம் தூசி,
ஸ்ட்ரா செருகிய காபிக் கோப்பை ஒன்று.

அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.
சட்டையில் இன்னும் எண்ணெய் வாடை.
பின்னால் ஒரு பெண் ஹான்போக்கைத் தூக்கிப் பிடித்தபடி,
"கொஞ்சம் நகருங்களேன்,
படத்துல நீங்க விழறீங்க" என்றாள்.