தேதி இல்லாத சீட்டு

சோமனூர், பேக்கரிக்கு மேல்மாடி.
இரவு ஷிப்ட் முடிந்து வந்த செங்காளியப்பன்
வாயைத் திறக்கும் முன் சட்டைப்பையைத் திறந்தார்.
"இதே மாத்திரைதானுங்களே? போன தடவ நெம்ப நல்லாக் கேட்டுதுங்க."

என் சீட்டு.
என் கிறுக்கல், வலப்பக்கம் சாயும் என் கையெழுத்து,
இரண்டு பக்கமும் பளபளவென்று லேமினேஷன்.
"கெடாம இருக்கோணுமில்லீங்."

பெயருக்கான இடத்தில் அவர் மச்சினர் பெயர்,
அதிலும் பாதி.
வயது, எடை: வெறும் புள்ளிக்கோடு.
தேதி இல்லை.
அன்றைக்கு வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்,
கரண்ட் போய்ப்போய் வந்தது.
எனக்கு ஞாபகம் இருக்கிறது.
சீட்டுக்கு இல்லை.

இதைக் காட்டி எத்தனை பேர் வாங்கினீங்க?
விரல் விட்டார்.
மச்சினர். மேஸ்திரி. நூல் சுத்துற மாரக்காள்.
ஒடிசாப் பையன் ஒருத்தன்.
ஒருக்கா, பக்கத்துக் குடோன் வாட்ச்மேன்.
"மாரக்காளுக்கு மட்டும் ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சுங்க.
சூடுன்னு எளநி குடிச்சா."

கத்தரிக்கோல் லேமினேஷனில் வழுக்கியது.
இரண்டாம் முறை வெட்டியது.
ரேஷன் கார்டை வெட்டியதுபோல் பார்த்தார்.

புதுத் தாள். அச்சில் என் பெயர், பட்டம், பதிவு எண்.
முதலில் தேதி.
எடை மெஷினில் ஏற்றினேன். ஐம்பத்து நாலு.
"செருப்பக் கழட்டுங்க."
ஐம்பத்து மூன்றரை.
பென்சிலின் ஏதாவது சேராமப் போயிருக்குதுங்களா?
தறி தின்ற காது. திரும்பக் கத்தினேன்,
கீழே பன் வாங்குகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற மாதிரி.
இல்லை என்றார். இல்லை என்று எழுதினேன்.
பிறகுதான் மருந்து:
கம்பெனி வைத்த பெயர் அல்ல, அதன் சொந்தப் பெயர்,
பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக,
ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு.
எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள்.
மொத்தம் பதினைந்து, எண்ணாலும் எழுத்தாலும்,
காசோலையில் எழுதுவதைப்போல.

கையெழுத்துக்குக் கீழே நாலு விரல் வெற்றிடம்.
யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம்.
மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்தேன்.

பாதிப் படியில் நின்று கேட்டார்:
"இது எத்தன நாளைக்குச் செல்லுமுங்க?"
"அஞ்சு நாள்."
"அவ்வளவுதானுங்களா."

மாரக்காளை வரச் சொல்லுங்க என்றேன்.
காதில் விழுந்ததா தெரியவில்லை.
தாளிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம்.
இடத்தைத்தான் அடித்துவிட்டேனே.